பொரிக்கல்லின் பூர்வீகம்

யாழிசை பெட்டியைத் திறக்கும் வரை அமிர்தகலசத்துக் கத்தரிக்காயில் ஒரு குறையும் இல்லை.

அமிர்தகலசம் என்பது நாகப்பட்டினத்தில், பழைய கடற்கரை மூழ்கிய பிறகு உருவான புதிய கடற்கரையை ஒட்டி நின்ற அடுக்ககம். கடல் ஊருக்குள் வந்து குடியேறி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. வாடகையும் தரவில்லை, காலி பண்ணவும் இல்லை. சுற்றுவட்டாரத்து மண்ணில் ஊறுகாய் போடலாம், பயிர் போட முடியாது என்ற அளவுக்கு உப்பு. அதனால் எல்லோரும் மொட்டை மாடியில்தான் விவசாயம் பார்த்தார்கள். நீளமான தொட்டிகள், அவற்றில் சத்துக் கலந்த தண்ணீர், வேர் பிடித்துக்கொள்ள மண்ணுக்குப் பதிலாகக் கண்ணாடிக் கல்.

அந்தக் கல்லை ஊரில் பொரிக்கல் என்பார்கள். காலி பாட்டில்களை மாவாக அரைத்து, சிப்பித் தூள் கலந்து உலையில் வைத்தால், கண்ணாடி இளகி நுரைத்துப் பொங்கும். ஆறியதும் உடைத்தால் கல். கையில் எடுத்தால் பொரி உருண்டை அளவுதான் கனம். உள்ளே முழுக்க ஓட்டை. அந்த ஓட்டைகளில் தண்ணீரும் காற்றும் தங்கும், வேர் தேடி வந்து கோத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம்.

ஊருக்கெல்லாம் பொரிக்கல் சப்ளை செய்தவர் சபுரா நாச்சியா. நாகூர்ப் பக்கம் இரண்டு உலை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, உலை இரைச்சலை மீறிக் கேட்கிற குரல். எல்லோருக்கும் அவர் லாத்தா. நாகூரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

யாழிசை கண்ணாடி வேதியியல் படித்துவிட்டுத் திருவாரூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். அவள் செய்த கருவி, சாப்பாட்டு டப்பா அளவிலான ஒரு பெட்டி. தங்கை கனிஷ்கா அமிர்தகலசத்தில் குடியிருந்ததால், அதை முதலில் அங்கேயே காட்ட வந்திருந்தாள். மாடியில் கூட்டம். கல் சப்ளைக்காரர் என்ற முறையில் லாத்தாவும் வந்திருந்தார். முன்வரிசையில் குடியிருப்போர் சங்கத் தலைவர் சோமாஸ்கந்தன், திருநீறும் சந்தேகமுமாக.

"இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கல்லை வச்சா, அதுல ஈயம் இருக்கா இல்லையான்னு சொல்லிடும்" என்றாள் யாழிசை.

"ஈயம்னா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதா?" என்றார் சோமாஸ்கந்தன்.

"அது வெள்ளீயம் சார். இது காரீயம். சில பழைய கண்ணாடியில கலந்திருப்பாங்க. நம்ம சத்துத் தண்ணி லேசாப் புளிப்பா இருக்கும். அந்தப் புளிப்புல ஈயம் கரைஞ்சு வேருக்கு வரும், வேர்லேர்ந்து கீரைக்கு வரும், கீரையிலேர்ந்து குழந்தைக்கு வரும்."

"குழந்தைக்கு வந்தா?"

"மூளைக்குப் போகும். போனா லேசுல இறங்காது."

கூட்டம் மரியாதையாக உச்சுக்கொட்டியது. யாழிசை ஒரு கத்தரிச் செடியின் அடியிலிருந்து கல் எடுத்து உள்ளே வைத்தாள். பெட்டி முனகியது. திரையில் முதல் வரி வந்தது: 'காரீயம்: இல்லை.' எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் இரண்டாவது வரி வந்தது.

'முற்பிறவி: பிராந்தி பாட்டில்.'

இந்த இரண்டாவது வரி யாழிசையின் குறும்பு. ஒரே ஒரு விவரத்தைக் காட்டுகிற பெட்டியை எவன் வாங்குவான் என்று நிதி கொடுக்கும் குழுவில் கேட்டார்கள். சுவாரசியமாக ஏதாவது சேர்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தொழிற்சாலைக் கண்ணாடியிலும் கலந்திருக்கிற உலோகத் துணுக்குகளின் விகிதம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதை வைத்துக் கல் முன்பு என்னவாக இருந்தது என்று சொல்லிவிடலாம். குழந்தைகளுக்கு வேடிக்கையாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். மாடியில் இருந்த பெரியவர்களை மறந்துவிட்டாள்.

"லாத்தா, இது என்ன பாட்டில்?" என்றார் சோமாஸ்கந்தன், ரொம்ப மெதுவாக.

"பாட்டில்தாங்க."

"பிராந்தி பாட்டிலா?"

"காரைக்காலுக்குப் பக்கத்துல உலை வச்சுக்கிட்டு, பன்னீர் பாட்டிலுக்கு நான் எங்கே போவேன்?"

முந்தாநாள் சாப்பிட்ட எண்ணெய்க் கத்தரிக்காய்க்காக முதல் மாடி அம்மாள் ஒருவர் வாய் கொப்பளிக்க ஓடினார்.

"சார், எண்ணூறு டிகிரிக்கு மேல வெந்த கண்ணாடி இது" என்றாள் யாழிசை. "பிராந்தியோட ஒரு அணுகூட மிஞ்சியிருக்காது."

"அணு மிஞ்சாதும்மா. நினைப்பு மிஞ்சுமே" என்றார் சோமாஸ்கந்தன். "சோமவார விரதத்துக்கெல்லாம் இந்தக் கத்தரிக்காயைத்தானே தின்னு தொலைச்சிருக்கேன்!"

அன்று மாலைக்குள் அமிர்தகலசத்துத் தொட்டிகளிலிருந்து பொரிக்கல் எல்லாம் கீழே கொட்டப்பட்டது. செடிகளும்தான்.

பெட்டியின் உரிமத்தை வாங்கிய நிறுவனம் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்தது. ஜனங்கள் ஜாதகப் பெட்டி என்றார்கள். மழைக்காலத்துக்குள் கடலோர ஊர்களில் அது இல்லாத கடைத்தெரு இல்லை. ஈயத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் இரண்டாவது வரிக்குத்தான் கண்ணைச் சுருக்கினார்கள்.

கற்களுக்குள் மேல் கீழ் வந்துவிட்டது. பால் பாட்டில் கல் உச்சியில். அடுத்து மருந்து பாட்டில், சோடா, ஜன்னல் கண்ணாடி. கடைசியில் பீர், அதற்கும் கீழே பிராந்தி. கல்யாணப் பத்திரிகைகளில் 'விருந்துக்குப் பால்பாட்டில் காய்கறி மட்டுமே' என்று அடியில் அச்சடித்தார்கள். ஓட்டல்களில் சாம்பாருக்கு இரண்டு வாளி. பெண் பார்க்கப் போன இடத்தில் "வீட்டுல என்ன கல்லு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்கள். மறுபக்கம், குடிப்பழக்கம் உள்ள சிலர் பிராந்திக் கல் தக்காளியைத் தேடித் தேடி வாங்கினார்கள். கூடை கூடையாகத் தின்றும் ஏறவில்லை என்று ஒருவர் வழக்கே போட்டார்.

சிரிப்பு அதோடு சரி. மீனவர் குடியிருப்புப் பெண்கள் லாத்தாவிடம் மலிவாகக் கல் வாங்கிக் கீரை போட்டு, அதை விற்றுத்தான் பிழைத்தார்கள். அவர்கள் கீரைக்கு 'பிராந்திக் கீரை' என்று பெயர் வந்தது. சந்தையில் கட்டு கட்டாக வாடியது. பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்குத் தனி பெஞ்சு போட்டார்கள். எந்த உத்தரவும் இல்லாமல், தானாகவே.

யாழிசை மன்னிப்புக் கேட்க நாகூர் போனாள். இரண்டு உலையில் ஒன்று அணைந்து கிடந்தது. பாதி ஆட்கள் இல்லை.

"மன்னிச்சிடுங்க லாத்தா."

"மன்னிப்பைப் போட்டா உலை எரியுமா?" என்றார் சபுரா நாச்சியா. உட்காரச் சொல்லவில்லை. "அந்த ரெண்டாவது வரியை எடுத்துடு. அப்புறம் வந்து பேசு."

"கம்பெனியில கேட்டுட்டேன். 'ரெண்டாவது வரியைத்தான் மேடம் விக்கிறோம், முதல் வரி இலவசம்'னு சொல்றாங்க."

"நீ செஞ்ச பெட்டிதானே?"

"வித்துட்டேன்."

"நல்லா வித்தே போ."

அதற்குப் பிறகு சந்தைக்கு நகல் பெட்டிகள் வந்தன. எங்கிருந்தோ வந்த மலிவுச் சரக்கு, அசலைக் கடைத்தெருவிலிருந்தே விரட்டிவிட்டது. ஈயத்தைக் கண்டுபிடிக்கிற பாகம்தான் பெட்டியிலேயே விலை அதிகம் என்பதால் நகல் செய்தவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். கேட்க ஆளில்லை. மிச்சமிருந்தது ஒரே வரி: கல் முன்பு எந்தப் பானத்தைச் சுமந்தது.

இந்தச் சமயத்தில்தான் கனிஷ்காவின் கணவன் தர்ஷன் தொழிலில் இறங்கினான். காளான், காடை, மின்சார ஸ்கூட்டர் என்று வரிசையாகத் தோற்றிருந்தவன். கெட்டவன் இல்லை. எதையும் முழுதாகக் கேட்டுக்கொள்ளாமல் நம்பிவிடுகிறவன், மற்றவர்களையும் நம்பவைத்துவிடுகிறவன். அவன் கொண்டுவந்த சரக்கின் பெயர் நிர்மலக் கல். 'எந்த வாயும் படாத கண்ணாடி' என்று விளம்பரம். நகல் பெட்டியில் வைத்தால் 'பானம்: இல்லை' என்று வந்தது. பால்கூட இல்லை! பால் பாட்டில் கல்லையே ஓரங்கட்டுகிற சுத்தம். சோமாஸ்கந்தன் தேங்காய் உடைத்துத் தொடங்கிவைத்தார். அமிர்தகலசத்து மாடி முழுக்க நிர்மலக் கல் நிரம்பியது.

யாழிசை ஒருமுறை வந்தபோது கேட்டாள். "கண்ணாடி எங்கேர்ந்து வருது தர்ஷன்?"

"கப்பல்ல அண்ணி."

"என்ன கண்ணாடி?"

"இறக்குமதிக் கண்ணாடி. பஜ்ஜி எடுத்துக்குங்க, ஆறிடப் போகுது."

அவள் பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். பெட்டி, கல், பாட்டில் என்ற பேச்சே அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒருவழியாகத் தங்கை குடும்பம் நிமிர்கிறதே என்ற நிம்மதி வேறு. மடியில் தங்கையின் மகள் மிளிர் உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது.

"பெரிம்மா, மீனுக்குத் தாகம் எடுக்குமா? எடுத்தா யாரு தண்ணி குடுப்பா? கடல்தான் உப்பாச்சே? அப்ப மீனு மோர் குடிக்குமா?"

"குடிக்கும்டி. பெருங்காயம் போட்டுக் குடிக்கும்."

"பொய்" என்றாள் மிளிர். பெரியம்மாவின் பஜ்ஜியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த கோடையில் கனிஷ்கா போன் செய்தாள்.

"அக்கா, மிளிர் பேச மாட்டேங்குறா."

"கோவமா?"

"இல்லக்கா. பேசவே மாட்டேங்குறா. வயித்து வலின்னு சுருண்டு சுருண்டு படுத்துக்கறா. சாப்பிட மாட்டேங்குறா. டாக்டர் பூச்சிக்கு மருந்து குடுத்தாரு. சோமாஸ்கந்தன் சார் திருஷ்டின்னு சொல்லி எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாரு. கட்டியாச்சு. நேத்து தண்ணி கேக்கணும், அதுக்கு வார்த்தை வரலைக்கா அவளுக்கு. டம்ளரைக் காட்டி அழுவுறா."

யாழிசை அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. முகம் வெளுத்து, கண் எங்கோ. "மீனு மோர் குடிச்சுதாடி?" என்று கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளுப்பு, வயிற்று வலி, பசியின்மை, வார்த்தை மறப்பது. இந்த வரிசையை யாழிசை எங்கோ படித்திருந்தாள். பிறகு நினைவு வந்தது. படிக்கவில்லை, எழுதியிருந்தாள். பெட்டிக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் முதல் பத்தி அது.

அவள் பையில் பழைய பெட்டி இருந்தது. நகல் அல்ல, அவள் கையால் செய்தது. மாடிக்கு ஏறினாள். தளதளவென்று அரைக்கீரை. அடியிலிருந்து ஒரு கல் எடுத்து உள்ளே வைத்தாள்.

பெட்டி முனகவில்லை. அலறியது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அதில் சிவப்பு விளக்கு எரிந்து அவள் பார்த்ததே இல்லை. 'காரீயம்: மிக அதிகம்.' கொஞ்சம் பொறுத்து இரண்டாவது வரி.

'முற்பிறவி: தொலைக்காட்சிப் பெட்டி.'

யாழிசைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. கல்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கல்லில் ஈயம் என்று கனிஷ்காவிடம் அவள் சொல்லும்போதே தர்ஷன் தன் நகல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாருங்க அண்ணி, பானம் இல்லைன்னு தெளிவாப் போட்டிருக்கு."

"டி.வி. என்ன தர்ஷன் குடிக்கும்?"

"டி.வி.யா?"

"நம்ம தாத்தா காலத்து டி.வி. பின்னாடி தொந்தி மாதிரி தள்ளிக்கிட்டு இருக்குமே, படத்துல பார்த்திருப்பீங்க. அந்தத் தொந்திக் கண்ணாடியில ஈயத்தைக் கலப்பாங்க. உள்ளேர்ந்து வர்ற கதிர் பார்க்குறவங்க மேல படாம இருக்கறதுக்காக."

"அப்ப அது பாதுகாப்பானதுதானே?"

"டி.வி.யா இருக்குற வரைக்கும். ஊர் ஊரா ஒதுக்க இடமில்லாம குவிச்சு வச்சிருந்த குப்பை அது. அரைச்சுப் பொரிச்சுக் கீரைக்கு அடியில போட்டிருக்கீங்க."

தர்ஷன் சுவரில் சாய்ந்தான். "எனக்குத் தெரியாது அண்ணி. பழைய கண்ணாடி, சுத்தமானதுன்னு சொன்னாங்க. நானும்தானே சாப்பிட்டேன்? மிளிருக்கு நான்தான் ஊட்டினேன். தினமும். கீரை ரத்தத்துக்கு நல்லதுன்னு..."

அவன் சொன்னது உண்மை என்று யாழிசைக்குத் தெரிந்தது. அது எதையும் மாற்றவில்லை.

"இப்பவே எல்லார்கிட்டேயும் சொல்லணும்."

"அண்ணி, ஒரு வாரம் குடுங்க. கல்லுல ஏதோ பழுதுன்னு சொல்லி எல்லாத்தையும் நானே மாத்திடறேன். போலீஸ், கேஸ்னு போனா நாங்க தெருவுக்கு வந்துடுவோம்."

"அந்த ஒரு வாரமும் மத்த குழந்தைங்க சாப்பிடுமே!"

"அப்ப நீங்க? அந்த முற்பிறவி எழவை உங்களை யாரு அண்ணி போடச் சொன்னா? அது இல்லேன்னா இவங்க இப்படிச் சுத்தத்துக்கு அலைஞ்சிருப்பாங்களா?"

யாழிசை தங்கையைத் தேடித் திரும்பினாள். அப்போதுதான் கனிஷ்கா அங்கே இல்லை என்பது தெரிந்தது.

அவள் மிளிரை இடுப்பில் வைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தாள். தண்ணீர் வரும் நேரத்தை அறிவிப்பதற்காக அங்கே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அமிர்தகலசத்தின் எல்லா மாடிகளிலும் அவள் குரல் கேட்டது.

"எல்லா பிளாக்ல இருக்குறவங்களுக்கும். நான் கனிஷ்கா பேசுறேன். மாடியில இருக்குற கீரை, காய் எதையும் பறிக்காதீங்க. பறிச்சதைக் கொட்டிடுங்க. குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்துப் பாருங்க. நிர்மலக் கல்லுல ஈயம் இருக்கு, விஷம். வித்தது என் வீட்டுக்காரரு. பெட்டியைக் கண்டுபிடிச்சது என் அக்கா. தின்னது என் பொண்ணு. எங்க வீட்டுக் கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன், அடிக்கிறவங்க வந்து அடிச்சுக்குங்க. ஆனா முதல்ல போய் ரத்தம் எடுங்க." பிறகு, தண்ணீர் அறிவிப்புக் கேட்டுக் கேட்டுப் பழகிய தோஷத்தில், "நன்றி, வணக்கம்" என்றாள்.

யாரும் அடிக்க வரவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

பல குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. சோமாஸ்கந்தனின் பேரனுக்கு வகுப்பில் கணக்கு வராமல் போனது சோம்பேறித்தனம் இல்லை என்று தெரிந்தது. அதற்காக அவனை அடித்திருந்த தாத்தா, ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கொடுத்தால் ஈயத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறும் என்றார் டாக்டர். "வெளியே எடுத்துடலாம். போனது எவ்வளவு திரும்பி வரும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

தர்ஷனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஜாமீனில் வந்தவன், முகமூடி கட்டிக்கொண்டு மாடி மாடியாக நிர்மலக் கல்லை அள்ளி மூட்டை கட்டினான். யாரும் அவனிடம் பேசவில்லை. கனிஷ்கா சோறு போட்டாள். அவளும் பேசவில்லை.

யாழிசை விசாரணையில் போய், இரண்டாவது வரி தன் யோசனைதான் என்றும், எடுக்கச் சொல்லியும் நிறுவனம் அதை எடுக்கவில்லை என்றும் சொன்னாள். நிறுவனம் அவள்மேல் வழக்குப் போட்டது. அவள் புதிதாக ஒரு பெட்டி செய்து, செய்முறையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டாள். அதில் ஒரே வரிதான்: ஈயம் உண்டு, அல்லது இல்லை. அதைக் கையில் வாங்கிய முதல் ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்ல கல்லுன்னு வருது, சரி. எந்தக் கல்லுன்னு வரலையே?"

கடைசியில் அமிர்தகலசத்துக்குச் சாப்பிட ஏதாவது வேண்டியிருந்தது. வெளியூர்க் காய்கறியை நம்பப் பயம். நல்ல பொரிக்கல் வேண்டும் என்றால் நாகூருக்குத்தான் போயாக வேண்டும். போய்க் கேட்க யாருக்கும் முகமில்லை. சோமாஸ்கந்தன் தலைவர் என்பதால் தப்பிக்க முடியவில்லை. அவர் யாழிசையைத் துணைக்குக் கூப்பிட்டார், யாழிசை கனிஷ்காவைக் கூப்பிட்டாள், மிளிரை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் அவளும் வந்தாள். சிகிச்சை தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். பேச்சு மட்டும் வரவில்லை.

சபுரா நாச்சியா அவர்களை நிற்கவைத்தார். ஒரு சரக்கு ஆட்டோவிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. டிரைவர் ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டான்.

"போடா லூசு!" என்று லாத்தா கத்தியதில் உலைக்கூரையே அதிர்ந்தது. "பாட்டிலை அப்படியா போடுவாங்க? ஒடைச்சுக் காலைக் கிழிச்சுக்கவா?" பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

சோமாஸ்கந்தன் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. எங்களுக்குக் கல்லு வேணும்."

"தர்றேன்."

"பால் பாட்டில் கல்லு கிடைக்குமா?"

"கிடைக்காது."

"சரி. எதுவா இருந்தாலும், எவனோ தெருவுல விழுந்து கிடக்குறவன் குடிச்ச பாட்டிலா இல்லாம... கொஞ்சம் நல்ல இடமாப் பார்த்து எடுத்தது..."

சபுரா நாச்சியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல இடந்தான். கேட்டு, காவலு, லிப்டு எல்லாம் இருக்கு. ஏசி போட்டுக்கிட்டுக் குடிப்பாங்க போல, ஒரு பாட்டில்ல ஒரு கீறல் இருக்காது. வாரா வாரம் அந்த இடத்துப் பின்வாசல்லேர்ந்துதான் என் ஆட்டோ வருது. தீபாவளி, பொங்கல்னா ரெண்டு நடை."

"அப்படியா? எந்த இடம்?"

லாத்தா ஆட்டோ டிரைவரைப் பார்த்தார். "எங்கேர்ந்துடா ஏத்திட்டு வர்றே?"

"அமிர்தகலசம், லாத்தா."

யாழிசை தரையைப் பார்த்தாள். சிரித்தால் தப்பாகிவிடும்.

"அது..." என்றார் சோமாஸ்கந்தன். "மூட்டு வலிக்கு, மருந்தா, சில பேரு..."

"மருந்து பாட்டில்னே வச்சுக்குங்களேன்" என்றார் லாத்தா. "உங்க கணக்குல ரெண்டாவது இடம்."

சோமாஸ்கந்தன் லேசில் விடுகிறவர் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்லை வாங்கிக்கிறோம். ஆனா ஒரு சம்பிரதாயத்துக்காவது, கல்லு வெளிய வர்றப்ப கங்கா தீர்த்தம் கொஞ்சம் தெளிச்சு, ஒரு நல்ல நேரமாப் பார்த்து, மூணு தரம் கழுவி, அதுக்கப்புறம்..."

"போதா லூசு."

குரல் சின்னது. கரகரப்பு. ரொம்ப நாளாகத் திறக்காத கதவு போல. கனிஷ்காவின் இடுப்பிலிருந்து மிளிர் தலைவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனிஷ்கா அப்படியே நின்றாள். யாழிசை அவள் கையைப் பிடித்தாள்.

"என்னடி சொன்னே?" என்றாள் கனிஷ்கா. "மிளிர்? என்னம்மா சொன்னே? தாத்தாவை என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லுடி தங்கம்."

மிளிர் உதட்டைப் பிதுக்கினாள். அம்மா அழுவது அவளுக்குப் புரியவில்லை. முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டாள்.

சோமாஸ்கந்தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். குழந்தையின் முகம் இருக்கிற பக்கமாகச் சுற்றி வந்தார். மூட்டு வலிக்காரர், மெல்லக் குனிந்து தன் முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனார்.

"சொல்லும்மா" என்றார். "நல்லா சத்தமாச் சொல்லு. தாத்தாவுக்குக் காது சரியாக் கேக்கல."

மிளிர் ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்து அவரைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு சொன்னாள்.